உடம்பில் இரும்பு மிகுதியாகச் சேரும் பரம்பரை நோய்: ஹீமோகுரோமடோசிஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் ஊரில் இரும்புச்சத்து என்று பேச்செடுத்தாலே அது குறைவாக இருப்பதைப் பற்றித்தான் பேசுவோம். இரத்தசோகை இவ்வளவு பரவலாக இருக்கும் இடத்தில் அது நியாயம்தான். ஆனால் அதே பழக்கத்தில், அசதி என்று சொன்னவுடனே பரிசோதனை எதுவும் பார்க்காமல் கடையில் சத்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். இரும்பு கூடிப்போனாலும் முதலில் தெரிவது அசதிதான். அதனால் மாத்திரைக்கு முன்னால் இரத்தப் பரிசோதனை என்பதை இந்தப் பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

இது என்ன நோய்?

சாப்பாட்டிலிருந்து தேவைக்கு மேல் இரும்பை உடம்பு இழுத்துக்கொண்டே இருக்கும் பரம்பரைக் கோளாறு. வளர்ந்த ஒருவரின் உடம்பில் மொத்தமாக 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கும். தினமும் 1 அல்லது 2 மில்லிகிராம் உள்ளே வரும். தோலும் குடலின் உட்சுவரும் உதிர்வதில் கிட்டத்தட்ட அதே அளவு வெளியே போய்விடும். மிகுதியான உப்பைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். இரும்பை அப்படி வெளியேற்ற உடம்பில் எந்த ஏற்பாடும் இல்லை. உள்ளே வரும்போதே அளவாக வரவேண்டும், அவ்வளவுதான்.

இந்த நோய் உள்ளவருக்குத் தினமும் 2 அல்லது 3 மில்லிகிராம் கூடுதலாக உள்ளே போகிறது. பார்க்கச் சின்ன அளவு. ஆனால் ஒரு வருஷத்தில் அது ஏறக்குறைய ஒரு கிராம் ஆகிவிடும். இருபது வருஷம் போனால் கல்லீரல், கணையம், இதயம், மூட்டு, பிட்யூட்டரி சுரப்பி என்று பல இடங்களில் இரும்பு படிந்திருக்கும். நாற்பது வயதுக்கு மேல்தான் பலருக்கும் தெரியவருகிறது என்றால் அதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

உடம்பு ஏன் அளவு தெரியாமல் உறிஞ்சுகிறது?

கல்லீரல் ஹெப்சிடின் என்று ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. 2000ஆம் ஆண்டு வாக்கில்தான் இதையே கண்டுபிடித்தார்கள். குடல் செல்களிலிருந்து இரும்பு இரத்தத்துக்குள் போவதற்கு ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம் கதவாக இருக்கிறது. ஹெப்சிடின் அந்தக் கதவுக்குக் காவல்காரர். உடம்பில் இரும்பு போதுமான அளவு இருந்தால் ஹெப்சிடின் கூடும், கதவு மூடும்.

இரும்பு போதும் என்பதைக் கல்லீரல் உணர்வதற்கு உதவும் மரபணுக்களில் ஒன்று எச்எஃப்இ. அது 6ஆவது குரோமோசோமில் இருக்கிறது, 1996இல் அடையாளம் காணப்பட்டது. அதில் சி282ஒய் என்ற மாற்றம் தாய், தந்தை இரண்டு பேரிடமிருந்தும் வந்துவிட்டால், கல்லீரலுக்கு மிகுதி தெரிவதில்லை. ஹெப்சிடின் குறைவாகவே சுரக்கிறது. கதவு திறந்தே கிடக்கிறது.

யாருக்கு அதிகம் வருகிறது?

வட ஐரோப்பிய வம்சாவளியினருக்கு. உலகிலேயே அதிகம் அயர்லாந்தில்தான். அங்கே ஏறக்குறைய 83 பேரில் ஒருவருக்கு சி282ஒய் இரண்டு பிரதியாக இருக்கிறது. ஐந்தில் ஒருவரிடம் ஒரு பிரதி இருக்கிறது. அயர்லாந்தின் வடக்கே ராத்லின் தீவில் கிடைத்த, சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய வெண்கலக் காலத்து ஆண் ஒருவரின் எலும்பிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் படித்தார்கள். அதிலும் இந்த மாற்றம் இருந்தது. 2016இல் வெளியான ஆய்வு அது. எத்தனை தலைமுறையாக இது கைமாறி வந்திருக்கிறது என்று நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் நம்மவர்களுக்கு வராதா?

சி282ஒய் இந்தியர்களிடம் மிக மிக அரிது. எச்63டி என்ற இன்னொரு மாற்றம் நம்மிடமும் இருக்கிறது. ஆனால் அது மட்டும் இருந்தால் பெரும்பாலும் இரும்பு பெரிதாகச் சேர்வதில்லை. ஆகவே ரிப்போர்ட்டில் "எச்63டி இருக்கிறது" என்று வந்ததற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் எச்எஃப்இ தவிர வேறு மரபணுக்களாலும் இதே நோய் வரும். ஹீமோஜுவெலின், ஹெப்சிடினுக்கே உரிய மரபணு, டிரான்ஸ்ஃபெரின் ரிசெப்டார் 2, ஃபெரோபோர்ட்டின் ஆகியவற்றில் வரும் மாற்றங்கள் எந்த ஒரு இனத்துக்கும் உரியவை அல்ல. ஹீமோஜுவெலினால் வருவது வேகமானது. முப்பது வயதுக்கு முன்பே இதயம் பலவீனமாகும், ஆண்மைக் குறைவு வரும், பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகும். தெற்காசியக் குடும்பங்களிலும் இது பதிவாகியிருக்கிறது. அதனால் "எச்எஃப்இ டெஸ்ட் நெகட்டிவ், ஆகவே இந்த நோய் இல்லை" என்று நம் ஊரில் முடிவு கட்டுவது தவறு. இரும்பு நிஜமாகவே சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் மற்ற மரபணுக்களையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று. அயர்லாந்து, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா நாடுகளில் இருக்கும் நம்மவர்கள் பலர் ஐரோப்பிய வம்சாவளியினரைத் திருமணம் செய்திருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களுக்கு இது வெறும் வெளிநாட்டுச் செய்தி இல்லை.

மரபணு மாற்றம் இரண்டு பிரதியும் இருந்தால் கண்டிப்பாக நோய் வருமா?

வராது. சி282ஒய் இரண்டு பிரதி உள்ள பலருக்கு இரத்தத்தில் அளவுகள் கூடுமே தவிர, உறுப்புகள் கெடும் அளவுக்குப் போவதில்லை. ஆண்களுக்குப் பாதிப்பு அதிகம். பெண்களுக்கு மாதவிடாயிலும் பிரசவத்திலும் இரும்பு வெளியேறுவதால் தள்ளிப்போகிறது. மாதவிடாய் நின்ற பிறகு சேரத் தொடங்குகிறது. மதுப்பழக்கமும் கொழுப்புக் கல்லீரலும் சேர்ந்துகொண்டால் கல்லீரல் சீக்கிரம் கெடும்.

ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ளவருக்கு நோய் வருவதில்லை. பிள்ளைகளுக்குக் கடத்த மட்டும் முடியும்.

என்ன அறிகுறிகள்?

முதலில் வருபவை எல்லாம் யாருக்கும் எப்போதும் வரக்கூடியவை: ஓயாத அசதி, மூட்டுவலி, உடலுறவில் நாட்டமின்மை, மேல் வயிற்றின் வலப்பக்கம் ஒரு மந்தமான வலி. இதனால்தான் பலர் வருஷக்கணக்காக ஒவ்வொரு டாக்டராகப் போகிறார்கள். மூட்டுக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், கல்லீரலுக்கு ஒருவர் என்று தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் மூன்றையும் சேர்த்து யோசிக்க ஆள் இருக்காது.

மூட்டுவலியில் மட்டும் ஒரு தனி அடையாளம் உண்டு. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் உள்ளங்கையோடு சேரும் முட்டிகள்தான் பெரும்பாலும் முதலில் வீங்கி வலிக்கும். யாராவது அழுத்திக் கைகுலுக்கினால் உயிர் போகும். காலையில் பால் பாக்கெட்டை நறுக்கவும், பாட்டில் மூடியைத் திருகவும் கஷ்டமாக இருக்கும். வயதானால் வரும் சாதாரண மூட்டுத் தேய்மானம் இந்த இரண்டு முட்டிகளைத் தேடிப் போவது குறைவு. ஐம்பது வயதுக்குள் இப்படி வந்தால் ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்வது நல்லது.

நோய் முற்றிய நிலையில் சர்க்கரை நோய், கல்லீரல் சுருக்கமான சிரோசிஸ், இதயத் துடிப்பு தாறுமாறாவது, மூச்சிரைப்பு எல்லாம் வரும். தோல் சாம்பல் கலந்த வெண்கல நிறமாகும். பாரிஸ் மருத்துவர் அர்மான் துருசோ 1865இலேயே சர்க்கரை நோய், சிரோசிஸ், நிறம் மாறிய தோல் மூன்றும் ஒன்றாக வந்த நோயாளியைப் பற்றி எழுதினார். நம் போன்ற மாநிறம், கறுப்பு நிறத் தோலில் இந்த நிறமாற்றம் கண்ணில் படாமல் போய்விடும். "வெயிலில் அலைந்து கறுத்துவிட்டான்" என்று வீட்டில் சொல்லிவிடுவோம். எனவே நிறத்தை நம்பி உட்காரக் கூடாது.

எந்தப் பரிசோதனை எடுக்க வேண்டும்? ஃபெரிட்டின் அதிகம் என்றாலே இந்த நோயா?

இல்லை. இந்தக் கேள்வியை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் தேவையில்லாத பயமும் தேவையான சிகிச்சை தவறிப்போவதும் இங்கேதான் நடக்கின்றன.

ஃபெரிட்டின் என்பது உடம்பில் சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டுவது. ஒரு மில்லிக்கு ஆண்களுக்கு 300, பெண்களுக்கு 200 நானோகிராமுக்கு மேல் போனால் கூடுதல் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். ஆனால் காய்ச்சல், தொற்று, கொழுப்புக் கல்லீரல், மதுப்பழக்கம், உடல் பருமன், மூட்டழற்சி எது இருந்தாலும் இந்த எண் ஏறும். கொரோனா காலத்தில் எத்தனை பேருக்கு ஃபெரிட்டின் ஆயிரத்தைத் தாண்டியது என்று பலருக்கும் நினைவிருக்கும்.

ஆகவே இன்னொரு எண்ணைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன். இரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் புரதத்தில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதைச் சொல்வது. பல லேப் ரிப்போர்ட்டில் இது தனியாக அச்சாகியிருக்காது; சீரம் அயர்ன் (இரத்தத்தில் இப்போது இருக்கும் இரும்பு), டிஐபிசி (மொத்தமாகச் சுமக்கக்கூடிய இரும்பு) என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 45 சதவீதத்துக்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும்.

உதாரணத்துக்கு இரண்டு ரிப்போர்ட். ஒருவருக்கு ஃபெரிட்டின் 620, சீரம் அயர்ன் 80, டிஐபிசி 300. சாச்சுரேஷன் 27 சதவீதம்தான். இவர் தொப்பையும் கொழுப்புக் கல்லீரலும் உள்ளவராக இருக்க வாய்ப்பு அதிகம். இரும்பைவிட எடையையும் சர்க்கரையையும் பற்றித்தான் இவர் கவலைப்பட வேண்டும். இன்னொருவருக்கு ஃபெரிட்டின் 580, சீரம் அயர்ன் 210, டிஐபிசி 250. சாச்சுரேஷன் 84 சதவீதம். ஃபெரிட்டின் முன்னவரைவிடக் குறைவுதான், ஆனால் சும்மா விடக் கூடாதவர் இவர்தான்.

காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுங்கள். இரும்பு மாத்திரையோ சத்து டானிக்கோ சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் முன்னாலேயே சொல்லுங்கள், அது எண்ணை ஏற்றிக் காட்டும். காய்ச்சல் நேரத்தில் எடுக்க வேண்டாம். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யவும் வேண்டாம்.

அடுத்து என்ன? கல்லீரலில் ஊசி போட்டுச் சதை எடுப்பார்களா?

முன்பெல்லாம் அதுதான் வழி. இப்போது எம்ஆர்ஐ மூலமே கல்லீரலில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று அளந்துவிடலாம். எல்லா எம்ஆர்ஐ மையங்களிலும் இந்த அளவீடு செய்யமாட்டார்கள், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று ஃபைப்ரோஸ்கேனில் தெரியும். ஃபெரிட்டின் 1,000க்கு மேல் இருப்பவர்களுக்குச் சிரோசிஸ் இருக்கும் வாய்ப்பு கூடுவதால், கல்லீரலை அவசியம் சோதிக்க வேண்டும்.

சிகிச்சை என்ன?

இரத்தத்தை எடுத்துவிடுவது. இரத்த தானம் செய்வதைப் போலவேதான். கேட்பவர்கள் நம்பமாட்டார்கள், ஆனால் இந்த நோய்க்கு இன்றும் முதல் சிகிச்சை இதுதான். இரத்தத்தின் சிவப்பணுக்களில் இரும்பு இருக்கிறது. 500 மில்லி எடுத்தால் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு வெளியேறும். போன இரத்தத்தை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை புதிய அணுக்களை உண்டாக்கும்; அதற்கான இரும்பை உறுப்புகளில் படிந்திருக்கும் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகும்.

போய் உட்கார்ந்தால் முதலில் விரல்நுனியில் குத்தி ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து முழங்கை மடிப்பில் தடித்த ஊசி போடுவார்கள். கையில் ஒரு பந்தைக் கொடுத்து அழுத்தி அழுத்தி விடச் சொல்வார்கள். பக்கத்தில் தட்டில் வைத்த பை ஆடிக்கொண்டே நிரம்பும். பத்துப் பதினைந்து நிமிஷ வேலை. முந்தின நாளிலிருந்தே நன்றாகத் தண்ணீர் குடித்திருந்தால் நரம்பு எளிதாகக் கிடைக்கும். முடிந்ததும் சட்டென்று எழுந்திருக்கக் கூடாது. உப்புப் போட்ட மோரோ எலுமிச்சை ஜூஸோ குடித்துவிட்டு, கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். அன்றைக்கு பாரம் தூக்குவதும் ஓடுவதும் வேண்டாம்.

ஆரம்பத்தில் வாரம் ஒரு முறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடுப்பார்கள். உடம்பு சிறியதாக இருந்தாலோ, வயது அதிகமாக இருந்தாலோ ஒவ்வொரு முறையும் 350 மில்லியோடு நிறுத்துவதும் உண்டு. ஃபெரிட்டின் 50 அளவுக்கு இறங்கும் வரை இது நடக்கும். நிறைய சேர்ந்தவருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். இடையில் ஹீமோகுளோபின் மிகவும் இறங்கினால் நிறுத்திவைப்பார்கள். அப்புறம் வருஷத்துக்கு இரண்டு, மூன்று அல்லது நான்கு தடவை எடுத்தால் போதும். ஆனால் ஆயுள் முழுக்க.

இரத்தம் எடுக்க முடியாதவர்களுக்கு இரும்பைப் பிடித்து வெளியேற்றும் மருந்துகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கவிளைவும் செலவும் அதிகம்.

சிகிச்சைக்குப் பதிலாக நானே போய் இரத்த தானம் செய்யலாமா?

வேண்டாம். இந்தியாவில் ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறைதான் தானம் செய்யலாம், பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறை. ஆரம்பகட்டச் சிகிச்சைக்கு அது போதாது. விவரத்தை மறைத்துக் கொடுப்பது சரியும் இல்லை. ஆஸ்திரேலியா, அயர்லாந்து போன்ற நாடுகளில் மற்ற தகுதிகள் இருந்தால் இந்த நோயாளிகளின் இரத்தத்தை மற்றவர்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். நோய் இரத்தத்தின் வழியாகத் தொற்றாது, ஆகவே அது நல்ல ஏற்பாடு. உங்கள் ஊர் நடைமுறையை இரத்த வங்கி மருத்துவரிடம் கேளுங்கள்.

எதெல்லாம் சரியாகும்? எதெல்லாம் ஆகாது?

அசதி பெரும்பாலும் குறையும். தோல் நிறம் மெல்லத் திரும்பும். கல்லீரல் என்சைம்கள் இறங்கும், ஆரம்பகட்ட இறுக்கமும் தளர வாய்ப்புண்டு. இதயம் தேறலாம். மூட்டுவலி பலருக்கும் அப்படியே இருந்துவிடுகிறது. இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால் நோயாளி சிகிச்சையில் நம்பிக்கை இழந்துவிடுவார். வந்துவிட்ட சர்க்கரை நோய் கொஞ்சம் கட்டுக்குள் வரலாம், முழுதாகப் போவது அரிது. சிரோசிஸ் வந்தவருக்கு இரும்பு இறங்கிய பின்னும் கல்லீரல் புற்றுநோய் ஆபத்து இருக்கிறது. அவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்தாக வேண்டும்.

ஜெர்மனியின் டூசல்டார்ஃப் மருத்துவர்கள் 1985இல் வெளியிட்ட நீண்டகால ஆய்வில், சிரோசிஸும் சர்க்கரை நோயும் வருமுன் சிகிச்சை தொடங்கியவர்கள் மற்றவர்களைப் போலவே முழு ஆயுள் வாழ்ந்தார்கள் என்று தெரிந்தது. ஒரு பரம்பரை நோய்க்கு இதைவிட நல்ல செய்தி கிடைப்பது கஷ்டம். அதனால்தான் முன்கூட்டிப் பார்க்கச் சொல்லி இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

சர்க்கரைக்கு எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி) பார்க்கிறேன். அதை நம்பலாமா?

அடிக்கடி இரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும் காலத்தில் நம்ப முடியாது. புதிய சிவப்பணுக்கள் அதிகமாக இருப்பதால் எண் குறைத்துக் காட்டும். குளுக்கோமீட்டரில் பார்ப்பதை வைத்து மருந்தை முடிவு செய்யச் சொல்லுங்கள்.

முருங்கைக்கீரை, பேரீச்சை, ஈரல் எல்லாம் நிறுத்த வேண்டுமா?

கீரைக்கும் பேரீச்சைக்கும் பயப்பட வேண்டாம். உணவுக் கட்டுப்பாட்டால் ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மில்லிகிராம் வரை மிச்சப்படுத்தலாம். வருஷம் முழுக்க வாயைக் கட்டினாலும் மொத்தம் ஒன்று இரண்டு பை இரத்தத்தில் போகும் அளவுதான். அதற்காகப் பத்தியம் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

ஈரல், இரத்தப் பொரியல், ஆட்டுக்கறி ஆகியவற்றில் இருக்கும் இரும்பு எளிதாக உறிஞ்சப்படும், ஆகவே குறைத்துக்கொள்ளுங்கள். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைப்பதைத் தவிர்க்கலாம். புளிப்பு இரும்பைக் கரைத்து எடுக்கும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உறிஞ்சுவது குறையும். இரத்தசோகை உள்ளவர்களிடம் வேண்டாம் என்று நாம் சொல்லும் அந்தப் பழக்கம் இவர்களுக்கு நல்லது.

கண்டிப்பாக நிறுத்த வேண்டியவை வேறு. இரும்பு கலந்த மாத்திரை, டானிக், மல்டிவைட்டமின். வைட்டமின் சி மாத்திரை. பழத்தில் இருக்கும் அளவு பரவாயில்லை. மது, கல்லீரலில் பாதிப்பு இருந்தால் ஒரு சொட்டும் கூடாது. அப்புறம் வேகவைக்காத சிப்பி. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியா இரும்பு மிகுந்த இரத்தத்தில் பயங்கரமாகப் பெருகி உயிரையே வாங்கிவிடும். நன்றாக வெந்த மீன், இறால் சாப்பிடலாம். ஆனால் திறந்த புண்ணோடு கடலில் இறங்க வேண்டாம்.

பரம்பரை இரத்தசோகையான தலசீமியாவிலும் இரும்பு சேர்கிறதே, இரண்டும் ஒன்றா?

இல்லை. நம் நாட்டில் இரும்பு மிகுதிக்கு அதிகம் காரணமாக இருப்பதே தலசீமியாதான். அடிக்கடி இரத்தம் ஏற்றுவதால் ஒவ்வொரு பையோடும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உள்ளே போகிறது. அதிகம் இரத்தம் ஏற்றாத வகையில்கூட ஹெப்சிடின் குறைந்து குடல் கூடுதலாக உறிஞ்சுகிறது. அவர்களுக்கு ஏற்கெனவே இரத்தசோகை இருப்பதால் இரத்தத்தை எடுக்க முடியாது. டெஃபெராசிராக்ஸ் போன்ற மருந்துகளால்தான் வெளியேற்ற வேண்டும். ஆகவே ஃபெரிட்டின் அதிகமாகவும் ஹீமோகுளோபின் குறைவாகவும் இருந்தால் முதலில் தலசீமியாவுக்குப் பரிசோதிக்க வேண்டும்.

எனக்கு உறுதியாகிவிட்டது. வீட்டில் யார் யார் பார்க்க வேண்டும்?

முதலில் கூடப் பிறந்தவர்கள். பெற்றோர் இருவரிடமும் ஒவ்வொரு பிரதி இருந்து உங்களுக்கு இரண்டும் வந்திருந்தால், ஒவ்வொரு அண்ணன், தம்பி, அக்கா, தங்கைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. பிள்ளைகளுக்கு உங்களிடமிருந்து ஒரு பிரதி நிச்சயம் போயிருக்கும். உங்கள் துணைவரிடமும் ஒன்று இருந்தால்தான் அவர்களுக்கு நோய் வர வாய்ப்பு. சொந்தத்தில் கட்டியிருந்தால் அந்த வாய்ப்பு கூடும், டாக்டரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள். எச்எஃப்இ வகைக்குப் பதினெட்டு வயதுக்குப் பிறகு பார்த்தால் போதும். சிறு வயதிலேயே தாக்கும் வகை என்றால் காத்திருக்கக் கூடாது.

சொல்லத் தயங்குகிறவர்கள் உண்டு, குறிப்பாகக் கல்யாணம் ஆகாத தங்கையோ மகளோ வீட்டில் இருந்தால். தயங்கினால் நஷ்டம் அவர்களுக்குத்தான். வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பினால் போதும்:

"அண்ணா, எனக்கு உடம்பில் இரும்பு அதிகமாகச் சேரும் பரம்பரைப் பிரச்சினை இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பா, அம்மா இரண்டு பேர் வழியாகவும் வருவது, ஒட்டிக்கொள்ளும் வியாதி இல்லை. உங்களுக்கும் இருக்கலாம். காலையில் வெறும் வயிற்றில் ஃபெரிட்டின், சீரம் அயர்ன், டிஐபிசி மூன்றும் எடுத்துவிடுங்கள். சத்து மாத்திரை ஏதாவது போடுகிறீர்கள் என்றால் லேப் போகுமுன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், என் டாக்டரிடமும் காட்டுகிறேன்."

ரிப்போர்ட் நார்மல் என்று வந்தால் அத்தோடு விட்டுவிடலாமா என்று அவர்கள் கேட்பார்கள். உங்கள் மரபணு மாற்றம் எது என்று தெரிந்திருந்தால், அதே மாற்றத்தை அவர்களிடமும் ஒரு முறை பார்த்துவிடலாம். அது அவர்களிடம் இல்லையென்றால் கவலை முடிந்தது. அதைப் பார்க்காத நிலையில், சில வருஷத்துக்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனையைத் திரும்ப எடுக்க வேண்டும். மாதவிடாய் இன்னும் நிற்காத அக்கா தங்கைகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இன்றைக்கு நார்மலாக இருப்பது ஐம்பது வயதுக்குப் பிறகு மாறலாம்.